திறக்கலாம் என்று வந்த அழைப்பு

2024 செப்டம்பர் 11, புதன்

சம்பள பில் வேலை இன்றும் முடியவில்லை. மகள் நிஷாவுக்கு இருமல். மார்க்கெட்டில் வாங்கிய கத்தரிக்காயில் பாதி சொத்தை.

வடக்கே மலையில் அணை இன்ஜினியராக இருக்கும் என் வீட்டுக்காரர் சாயங்காலம் வீடியோவில் வந்தார். அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீரைக் காட்டினார். இந்த மலையிலிருந்து அந்த மலை வரை ஒரே பச்சை, அசைவே இல்லை. "ஆறு மாதிரியே இல்லையே" என்றேன். "ஆறா? அதைத்தான் நிறுத்தி வெச்சிருக்கோம்ல" என்று சிரித்தார். அதற்கு அடியில் முன்பு இரண்டு ஊர் இருந்ததாம். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் போனை வைத்த பிறகும் அதே நினைப்பு. அடுப்பு, படி, வாசல் எல்லாம் அப்படியே உள்ளே நிற்குமா?

அவருக்குப் பின்னால் பாஸ்கரன் அண்ணன் தலையை நீட்டினார். "மேடம், பஞ்சுகிட்ட சொல்லுங்க, குளுரு பின்னி எடுக்குது. ஆனா நல்லாத்தான் கீறேன்." எங்கள் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தவர். கான்ட்ராக்டை நிறுத்தியதும் வேலையில்லாமல் திரிந்தார். அவர் மனைவி பஞ்சவர்ணம் அக்கா எங்கள் கேன்டீனில் இருக்கிறாள். அவளுக்காக நான்தான் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அணையில் சேர்த்துவிட்டேன். அணையில் தண்ணீர் திறக்கும் ஷட்டர்களைத் தூக்கும் மோட்டார்கள் பாஸ்கரன் அண்ணன் பொறுப்பு.

அக்காவிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று நீளமாகப் பேசினார். மலைக்குள் சுரங்கம் குடைந்ததிலிருந்து மேல் ஊரில் ஊற்று எல்லாம் வற்றிவிட்டதாம். பெண்கள் காலிக் குடத்தோடு வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அணைக்குக் கீழேயோ வெகுதூரம் வரை வெறும் கல்தான். தண்ணீர் முழுக்கச் சுரங்கம் வழியாகப் போகிறது. கல்லாகக் கிடப்பதால் பிள்ளைகள் ஆற்றுக்குள்ளேயே பந்து விளையாடுகிறார்களாம்.

"திடீர்னு திறந்துவிட்டா?" என்று கேட்டேன்.

"திடீர்னு திறக்க மாட்டோம். சைரன் இருக்கு. தவிர ஒரு ஷட்டரை ஒரு அடி தூக்கணும்னாக்கூட தலைமை ஆபீஸ்ல கேக்கணும். வெளியே விட்ட தண்ணி கரண்ட் ஆகாதுல்ல."

அந்த ஆற்றின் பெயர் எனக்கு இன்னும் சரியாக வாயில் வரவில்லை. நிஷா அழகாகச் சொல்கிறாள்.

அக்டோபர் 3, வியாழன்

அங்கே மழையாம். லைன் கிடைக்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

ஆபீஸில் பக்கத்து சீட் தீபிகா போனை நீட்டினாள். "கார்த்திகா, இது உங்க சார் இருக்கற இடம்தானே?"

ஒரு பாலம். பழுப்பாக ஏதோ வந்தது. பாலம் இல்லை.

அதைத் தவிர என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 5, சனி

நேற்றிலிருந்து அவர் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. கம்பெனி நம்பரில் எடுப்பதே இல்லை.

பஞ்சவர்ணம் அக்கா நேற்று மத்தியானமே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். முத்தாபுதுப்பேட்டையில் தன் வீட்டைப் பூட்டினாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மலை உச்சியில் பனி உருகித் தேங்கிய ஏரி உடைந்தது, அந்த வெள்ளத்தில் அணையே போய்விட்டது என்கிறார்கள். கீழே ஒரு கடைவீதி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ராணுவ முகாம். அணை தேக்கி வைத்திருந்த தண்ணீரும் சேர்ந்து இறங்கியதால்தான் இத்தனை சேதம் என்று ஒருவர் ஆங்கிலத்தில் படம் போட்டு விளக்கினார்.

"அந்தாளு இன்னா சொல்றான்?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லைக்கா."

"ஊடு மாதிரி அடிச்சிக்கினு போவுதே, அது இன்னாது?"

வீடுதான். நான் சொல்லவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

இருக்கிறார். இருக்கிறார். இருக்கிறார்.

ராணுவ முகாமிலிருந்து யாருடைய போனிலோ பேசினார். "நான் உசிரோட இருக்கேன் கார்த்தி." குரல் அவருடையது மாதிரியே இல்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் பதிந்த இடம் இன்னும் வலிக்கிறது. "பாஸ்கரன் அண்ணன்?" என்று கேட்டேன். மூச்சு மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது.

"தேடிட்டு இருக்காங்களாம்கா" என்றேன். அவர் அப்படிச் சொல்லவேயில்லை.

அவள் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்ச் சிரித்தேன். அடக்க முடியவில்லை. நான் என்ன மாதிரி பொம்பளை?

அக்டோபர் 14, திங்கள்

சென்ட்ரலுக்குப் போய் அழைத்து வந்தோம். யாரோ கொடுத்த ஸ்வெட்டர், யாரோ கொடுத்த செருப்பு. நிஷா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு ரயிலையே பார்த்தார்.

அக்கா பிளாட்பாரத்துக்கு வந்திருந்தாள். நாங்கள் அழைக்கவில்லை. கூட்டமெல்லாம் இறங்கிக் கடைசிப் பெட்டி காலியாகும்வரை நின்றாள். பிறகு எங்களிடம் வந்தாள். "அவரு பின்னாடி வண்டில வராரா சார்?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, பக்கத்தில் நின்ற எனக்கே புரியவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

குழாயைத் திறந்துவிட்டுப் போனால் ஓடி வந்து மூடுகிறார். பாத்திரம் தேய்க்கும் சத்தம்கூட ஆகவில்லை. அரை வாளித் தண்ணீரில் குளிக்கிறார். போன் மணி அடித்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார். போனைச் சத்தம் இல்லாமல் வைத்திருக்கிறேன்.

மேல்தொட்டி நிறைந்து வழிந்தது இன்று. மாடியிலிருந்து கம்பி மாதிரி தண்ணீர் விழுந்தது, அவ்வளவுதான். நிஷாவைத் தூக்கிக்கொண்டு செருப்புப் போடாமல் ரோட்டுக்கு ஓடிவிட்டார். எதிர்வீட்டு கமலம் அம்மா, "என்னங்க, தீப்பிடிச்சுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள்.

நிஷா பயந்து அழுதாள். அவர் அவளைக் கீழே இறக்கவே இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எங்கள் வீட்டில் பலகாரம் இல்லை. அக்கா ஒரு தூக்கில் அதிரசம் கொண்டு வந்தாள். பாஸ்கரன் அண்ணன் வந்தால் கேட்பார் என்று செய்தாளாம். நெற்றியில் பெரிய குங்குமம்.

"செத்துட்டாருன்னு யாரு பாத்தா? சொல்லு. யாராவது பாத்தாங்களா?" என்று என்னிடம்தான் கேட்டாள். அறைக்குள் இருந்த இவருக்கு அது கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.

நவம்பர் 18, திங்கள்

அக்கா தினம் வேலை முடிந்ததும் வருகிறாள். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூடத் தேவலாம்.

இவர் இன்று சொன்னார்: "இந்தக் குழாயில வர்ற தண்ணியும் எங்கேயோ ஒரு அணைக்குப் பின்னாடி நின்ன தண்ணிதான் கார்த்தி. எத்தனை ஊர் மேல நின்னுட்டு வருதோ." கையில் டம்ளர். குடிக்காமல் செடிக்கு ஊற்றிவிட்டார்.

டிசம்பர் 13, வெள்ளி

மழை விடவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியில் உபரி நீர் திறக்கிறார்கள், கரையோரம் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று காலையில் போனுக்குச் செய்தி வந்தது. நமக்கென்ன, ஆவடிக்கு அது வராது என்று நான் அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்தால் அவரும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை.

பதினொரு மணிவாக்கில், அவரிடம் என் நம்பரை வாங்கி ஒரு பெண் போனில் பேசினாள். பெயர் பார்வதம், குன்றத்தூர் தாண்டி ஆற்றோரம் வீடு. "உங்க ஊட்டுக்காரரா அவுரு? ஊடு ஊடா கதவைத் தட்டி வெளிய வா வெளிய வான்றாருமா. நெஞ்சளவு தண்ணி வந்தப்பவே நாங்க போவல. இப்ப கணுக்கால்கூட இல்ல. பசங்க சிரிக்குதுங்க. வந்து இட்டுக்கினு போ, பாக்கவே பாவமா கீது."

நிஷாவை கமலம் அம்மாவிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். சட்டையெல்லாம் நனைந்து, ஒரு சந்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். குரல் போய்விட்டிருந்தது. பிடித்து ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டினேன். காட்டுப்பாக்கத்தில் மழை வலுத்ததால் ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். அங்கேதான் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எனக்குள்ளேயே இருக்கும்.

"அன்னைக்குக் காலையில மேல செக்போஸ்ட்ல இருந்து வயர்லெஸ் வந்தது. ஏரி ஒடைஞ்சிருச்சு, தண்ணி வருதுன்னு. பாஸ்கரன் அப்பவே கேட்டார். சார், ஷட்டரைத் தூக்கிடலாமா, கீழ ஊருக்குச் சைரன் குடுத்துடலாமான்னு. நான், இருங்க ஆபீஸ்ல கேட்டுடறேன்னேன். ரூம்ல சிக்னல் இல்ல. பின்னாடி இருக்கற மேட்டுக்கு ஏறணும். நீங்க ஷட்டர் மேடையில போய் நில்லுங்க, ஆர்டர் வந்ததும் நான் கை காட்டறேன், உடனே தூக்கிடுங்கன்னேன். போய் நின்னார்.

"ஆபீஸ்ல, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, மேல பேசிட்டுச் சொல்றோம்னாங்க. நான் வெயிட் பண்ணேன்.

"தண்ணி மாதிரி வரல கார்த்தி. மலையே நடந்து வந்த மாதிரி இருந்தது. முதல்ல சத்தம்கூட இல்ல. மரமெல்லாம் நின்னபடியே வந்தது. பாஸ்கரன் அதைப் பாக்கல. அவருக்கு அது முதுகுப் பக்கம். அவர் என் கையைத்தான் பாத்துட்டு இருந்தார்."

டீ ஆறிப்போயிருந்தது. கடைக்காரர் வேறு டீ வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

"எல்லாம் போன அப்புறம் போன் அடிச்சுது. ஓகே சிவராமன், திறக்கலாம்னாங்க. அணை இல்ல அப்போ. இல்லாத அணையைத் திறக்கச் சொல்றாங்க. நான்..." டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி ஆரம்பித்தார். "நான், சரி சார்னு சொன்னேன்."

டிசம்பர் 14, சனி

நான் சொல்லித்தானே பாஸ்கரன் அண்ணன் போனார்.

அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாமே என் வாய்.

2025 ஜனவரி 9, வியாழன்

கம்பெனியிலிருந்து கோகுல்நாத் என்று ஒருவர் வந்தார். வேலப்பன்சாவடியில் ஏதோ கல்லூரிக்குப் பேச வந்தவர், அப்படியே எங்களையும் பார்க்க வந்தாராம். நல்ல மரியாதையான மனிதர். நிஷாவுக்குச் சாக்லேட். அடுத்த மாதம் விசாரணைக் குழு உட்காருகிறது, அணை இருந்த ஊரிலேயே.

"நீங்க ஒண்ணும் புதுசா சொல்ல வேண்டாம் சார். ஆபீஸ் திறக்கச் சொல்லிடுச்சு, நீங்க ஆபரேட்டர்கிட்ட சொல்லிட்டீங்க. அவ்வளவுதான். அவர் ஏன் தூக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தூங்கியிருக்கலாம். பயந்து ஓடியிருக்கலாம். அங்க சனங்க ஏற்கெனவே அப்படித்தான் பேசிக்கறாங்க."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியப் பிரதேசத்துல அடுத்த ப்ராஜெக்ட் இருக்கு. உங்களை எதிர்பார்க்கறாங்க. வேற மாதிரி பேசினா சைரன் ஏன் குடுக்கலைங்கற கேள்வி உங்க மேலதான் வரும். கேஸ், கைது எல்லாம் வரலாம். மேடம், நீங்களும் எடுத்துச் சொல்லுங்க."

அவர் எழுந்து போகும்போது வாசற்படியில் அக்கா டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். கோகுல்நாத் அவளைத் தாண்டிப் போனார். யாரென்று தெரியாது அவருக்கு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைத்தேன். நிஷாவுக்காக.

ஜனவரி 19, ஞாயிறு

எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதுகிறேன். ஏனென்றால் சொன்னது நான்தான்.

"செத்தவர் பேர்தானே போகப்போவுது. நமக்கு ஒரு பொண்ணு இருக்கு. கோகுல்நாத் சொன்னதையே சொல்லிட்டு வந்துடுங்க." இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "நானும் அதைத்தான் நினைச்சிட்டு இருந்தேன் கார்த்தி. நீ சொல்லுவேன்னு காத்துட்டிருந்தேன் போல" என்றார். "இப்பவும் ஆர்டருக்குக் காத்துட்டு நிக்கறேன் பாரு."

நான் எழுந்து நிஷாவுக்குப் போர்த்திவிடப் போனேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று அக்காவை உள்ளே வரச் சொன்னேன். வாசற்படி வேண்டாம், உள்ளே வந்து உட்காருக்கா என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவளுக்கு அப்போதே ஏதோ தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. வயர்லெஸ், மேடு, போன், மேடை. கோகுல்நாத் என்ன சொல்லச் சொன்னார் என்பதையும் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதை நான் சொன்னேன்.

அக்கா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கையைப் பாத்துக்கினே நின்னாரா?"

"ஆமாக்கா."

"நீ காட்டலியா?"

"ஆர்டர் வரல."

"தூக்குன்னு காட்ட வேணாம். ஓடுன்னு காட்டியிருக்கலாமே நைனா."

அவர் கையை மடியிலிருந்து கொஞ்சம் தூக்கி, அதைப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டார்.

அக்கா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் பக்கத்தில் போயிருப்பேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கேன்டீனில் எனக்குப் பரிமாற வரமாட்டேன் என்கிறாள். வேறு பெண்ணை அனுப்புகிறாள். நெற்றியில் குங்குமம் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆபீஸ் விட்டு வெளியே வரும்போது கேட் அருகில் நின்றிருந்தாள்.

"சாரு எப்போ போறாரு?"

"பத்தொன்பதாம் தேதி ரயில்."

"எனுக்கும் ஒரு டிக்கெட் போடு. எங்க ஊட்டுக்காரரு தூங்கிட்டாருன்னு சொல்லிக்கினு கீறாங்களாமே. இன்னா சொல்றாங்கன்னு நான் என் காதால கேக்கணும். இந்தாளு இன்னா சொல்றாருன்னும் கேக்கணும்."

"மொழி புரியாதேக்கா."

"மூஞ்சி புரியும்."

பிப்ரவரி 19, புதன்

இருவரையும் ஏற்றிவிட்டு வந்தேன். ஒரே பெட்டி. அவர் மேல் படுக்கை, அக்கா கீழே. ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்கு அவ்வளவு சின்ன இடத்தில் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள்!

கோகுல்நாத் மூன்று முறை போன் செய்தார். எடுத்தேன். "அவர் என்ன சொல்லப் போறார்னு எனக்குத் தெரியும் சார். உங்களுக்கும் அங்க வந்தா தெரியும்" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அவர் பேசினார். சொல்லிவிட்டாராம். இரண்டே வரியில் முடித்துக்கொண்டார். "சொல்லிட்டேன். பாஸ்கரன் மேல ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். சைரன் நான்தான் குடுக்க விடலைன்னும் சொன்னேன்."

"அப்புறம்?"

"எழுதிக்கிட்டாங்க."

மார்ச் 2, ஞாயிறு

வந்துவிட்டார்கள். அவர் வந்ததும் படுத்துத் தூங்கினார். நான்கு மாதத்தில் பகலில் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

அக்காவைப் பார்க்க முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை, ஆனால் மூடவும் இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள். இத்தனை நாளில் அவள் ஒரேயடியாக இவ்வளவு பேசியது இதுதான்.

"அங்க ஆறே இல்ல கார்த்தி. மணலும் கல்லுமா ரெண்டு ஆள் ஒசரத்துக்கு ரொம்பிக் கெடக்குது. ஊடுங்கள்லாம் மொட்டை மாடி மட்டும் தெரியுது. அதும்மேல ஏறி நடக்குறாங்க. ஒரு பள்ளிக்கூடத்து மணி கீது பாரு, அது என் இடுப்பு ஒசரத்துல தொங்குது. அம்மாம் மண்ணு.

"விசாரணை நடந்த எடத்துல பெஞ்சு போட்டிருந்தாங்க. ஒரு பொம்பள, என் வயசுதான் இருக்கும், பக்கத்துல போட்டோவை வெச்சுக்கினு உக்காந்துகினு இருந்தா. ரெண்டு பொட்டப் புள்ளைங்க போட்டோ. நான் போயி உக்காந்தேன். யாரோ வந்து அவ காதுல இன்னாவோ சொன்னாங்க. சடார்னு எழுந்தா. அவ பையைத் தூக்கி நான் உக்காந்த எடத்துக்கும் அவ எடத்துக்கும் நடுவுல வெச்சா. ஷட்டர்காரன் பொண்டாட்டின்னு சொல்லியிருப்பாங்க. ஒரு பொழுது முழுக்க நின்னுக்கினே இருந்தா, என் பக்கத்துல உக்காரமாட்டேன்னு.

"அப்புறம் உங்க ஊட்டுக்காரரு பேசுனாரு. எனுக்கு ஒண்ணும் புரியல. எங்க ஊட்டுக்காரரு பேரு மட்டும் புரிஞ்சுது. பாஸ்கரன், பாஸ்கரன்னு நாலஞ்சு வாட்டி சொன்னாரு. அவரு பேசப் பேச எல்லாரும் கத்துறாங்க. ஒருத்தன் செருப்பைக் கழட்டிட்டான். போலீஸ் புடிச்சிக்கிச்சு. உங்காளு நவுரவே இல்ல. சொல்லி முடிச்சாரு.

"அந்தப் பொம்பள வந்து அவ பையை எடுத்து மடில வெச்சிக்கினா. உக்காந்தா. அவ்ளோதான். என்னோட ஒண்ணும் பேசல. நானும் பேசல."

"என்மேல கோவமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருக்குது" என்றாள். "உன்மேல கீது, அந்தாளு மேல கீது. போவாது. நீ போ, புள்ள தனியா இருக்கும்."

ஏப்ரல் 7, திங்கள்

கம்பெனியிலிருந்து வேலை நீக்க உத்தரவு. அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் பழுதுபார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் சேரப்போகிறாராம். முதலாளி ஜேம்ஸ் அவருடைய கல்லூரி நண்பர்.

கைது என்று யாரும் வரவில்லை. வாசலில் வண்டி நின்றால் இன்னும் பயமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. செய்தியில் சொன்னார்கள். இயற்கைச் சீற்றம். எதிர்பாராத வெள்ளம். மனிதத் தவறு என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

அவ்வளவுதான்.

பாஸ்கரன் அண்ணன் மேல் பழி இல்லை என்று நான் சந்தோஷப்பட வேண்டும். யார் மேலும் பழி இல்லை. ஆபீஸ் மேல் இல்லை, காத்திருக்கச் சொன்னவர் மேல் இல்லை, இவர் மேலும் இல்லை.

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் செஞ்சதுன்னு நானே போய்ச் சொல்லியும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அதே இடத்தில் மறுபடி அணை கட்டப் போகிறார்கள். முன்னதைவிட உயரமாக. இந்த முறை கான்கிரீட், எந்த வெள்ளத்தையும் தாங்கும் என்கிறார்கள். ஊற்று வற்றிய மேல் ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று மறியல் செய்தார்களாம். ஒரு வரிச் செய்தி.

பனி ஏரிகள் மலையில் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று அவரிடம் கேட்டேன். பிறகு, நான் துணி மடிக்கும்போது, பக்கத்தில் வந்து நின்று, "நிறைய" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. பஞ்சவர்ணம் அக்கா. பிப்ரவரிக்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்காதவள். கேன்டீனில் இப்போது என்னோடு பேசுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், நிஷா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறாள். ஆனால் வீட்டுக்கு வந்ததில்லை.

"புது அணைக்கு இன்னிக்கி பூஜையாமே. டிவில காட்டுவாங்களாம். எங்க ஊட்ல கேபிள் இல்ல" என்றாள்.

அவர் உள்ளே இருந்து வந்தார். அவளைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி நின்றார். நான் டிவியைப் போட்டேன். மஞ்சள் வண்டிகள், கொடி, பந்தல், மாலை போட்ட ஆட்கள். வானத்திலிருந்து எடுத்த படம். ஆற்றில் நிரம்பிய மண்ணை வெட்டி எடுத்துப் பெரிய பள்ளம் தோண்டியிருந்தார்கள். பள்ளத்தின் ஓரத்தில் பழைய அணையின் ஒரு துண்டு, உடைந்த பல் மாதிரி, மலையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி அணைத்துவிட்டார்.

"ஏன் நிறுத்துற?" என்றாள் அக்கா. கத்தவில்லை. "போடு. எங்க ஊட்டுக்காரரு மேல இன்னா கட்டுறாங்கன்னு நான் பாக்கணும்."

அவர் மறுபடி போட்டார்.

மூன்று பேரும் நின்றபடியே பார்த்தோம். யாரோ பேசினார்கள், கைதட்டினார்கள். அப்புறம் மறுபடி மேலிருந்து அந்தப் பள்ளம். அவர் சுவரை விட்டு நகர்ந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். விரலை நீட்டித் திரையில் ஒரு இடத்தைத் தொட்டார்.

"இங்கக்கா" என்றார். "இந்தக் கொடி நட்டிருக்காங்கள்ல, இதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்தான் மேடை."

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்து குனிந்தாள். படம் மாறும்வரை இருவரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.